எப்போது சொல்வது, எவ்வளவு சொல்வது: வலைப்பந்துப் பிள்ளையைத் திருத்த ஐந்து வழிகள்

பந்து கையை விட்டுப் போய்விட்டது. அது வளையத்தைத் தொடும் முன்பே அந்தப் பிள்ளை திரும்பி என் முகத்தைப் பார்க்கிறாள். அடுத்த பந்துக்கும் அதே திரும்பல். எட்டுப் பந்து எறிந்தாள். எட்டுத் தடவையும் பந்து எங்கே போனது என்று அவள் பார்க்கவே இல்லை. விழுந்ததா, இல்லையா என்பதை என் புருவத்தில் வாசித்துக்கொண்டிருந்தாள். தரம் 8, நல்ல உயரம், மெத்தென்ற கை. இதை அவளுக்குப் பழக்கியது யார் என்று யோசிக்கத் தேவையிருக்கவில்லை. மூன்று மாதமாக ஒவ்வொரு பந்துக்கும் "முழங்கை", "முழங்கால்", "மணிக்கட்டு" என்று கத்திக்கொண்டிருந்தவள் நான்தான்.

அது நடந்து சில வருடமாகிறது. கொழும்பில் பாடசாலைப் பிள்ளைகளுக்கு வலைப்பந்தாட்டம் பழக்குகிறேன். கிழமை நாட்களில் ஒரு பாடசாலை மைதானம், ஞாயிறு காலையில் வெள்ளவத்தைப் பக்கம் ஒரு சின்னக் குழு. அண்மையில் ஒரே கேள்வியை மூன்று பேர் மூன்று விதமாகக் கேட்டார்கள். புதிதாக நியமனம் கிடைத்த உடற்கல்வி ஆசிரியை: "அக்கா, பிழை விட்ட உடனே சொல்றதா, பொறுத்துச் சொல்றதா?" ஞாயிற்றுக் குழுவில் ஒரு அப்பா: "மிஸ், போனில எடுத்துக் காட்டினா கெதியாப் பிடிப்பாளா?" என்னிடம் விளையாடி, இப்போது சின்னப் பிள்ளைகளின் அணியைப் பார்க்கிற பழைய மாணவி: "கையைப் பிடிச்சுக் காட்டலாமா மிஸ், இல்லாட்டி இப்ப அது பிழையா?"

மூன்றுக்கும் சேர்த்து ஒரு விடை என்னிடம் இல்லை. ஐந்து வழிகள் இருக்கின்றன, ஐந்தையும் நான் பாவித்திருக்கிறேன், ஐந்திலும் சறுக்கியிருக்கிறேன். உதாரணம் வலைப்பந்து என்றாலும், சுழற்பந்து பழகும் தம்பிக்கும் வயலினில் வில் பிடிக்கப் பழகும் தங்கச்சிக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

## எதை வைத்து அளப்பது

முதலாவது, நிற்குமா என்பது. இன்று மாலை பத்தில் எட்டு விழுந்தது பெரிய விசயமில்லை. அடுத்த செவ்வாய்க்கிழமை, நான் ஒரு சொல்லும் சொல்லாமல், பத்தில் எத்தனை? பயிற்சி நேரத்தில் தெரியும் முன்னேற்றம் வேறு, உடம்பில் படிந்த பழக்கம் வேறு. இதைப் பிரித்துப் பார்க்க ஆராய்ச்சியாளர்களுக்கே நெடுநாள் பிடித்தது. 1920களில் எட்வர்ட் தோர்ன்டைக் ஆட்களின் கண்ணைக் கட்டிவிட்டு, குறித்த நீளத்தில் கோடு கீறச் சொன்னார். சரி, பிழை என்று சொல்லப்பட்டவர்கள் திருந்தினார்கள். சொல்லப்படாதவர்கள் எவ்வளவு கீறியும் அப்படியே நின்றார்கள். அதிலிருந்து, சொல்லச் சொல்ல நல்லது என்ற எண்ணம் அரை நூற்றாண்டு ஓடியது. 1984இல் சால்மோனி, ஷ்மிட், வால்ட்டர் மூவரும் பழைய ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்து ஓட்டையைக் காட்டினார்கள்: பல ஆய்வுகள் முன்னேற்றத்தை அளந்தது பின்னூட்டம் கொடுத்துக்கொண்டிருந்த அதே நேரத்தில். ஊன்றுகோலோடு நடப்பவரின் நடையைப் பார்த்துவிட்டுக் கால் சுகமாகிவிட்டது என்று சொன்ன மாதிரி. 1990இல் வின்ஸ்டீனும் ஷ்மிட்டும் ஒரு கை அசைவைப் பழக்கினார்கள். ஒரு கூட்டத்துக்கு ஒவ்வொரு முயற்சியின் முடிவையும் சொன்னார்கள், மற்றதுக்குப் பாதியை மட்டும். மறுநாள் எதுவும் சொல்லாமல் சோதித்தபோது பாதி கேட்டவர்களே முன்னால் நின்றார்கள்.

இரண்டாவது, அவள் தனியே செய்வாளா? மெச் நடக்கும்போது வட்டத்துக்குள் நான் போக முடியாது. பந்து கைக்கு வந்து 3 வினாடிக்குள் எறிய வேண்டும். அந்த 3 வினாடியில் அவளுக்குள் யார் பேசுவது?

மூன்றாவது, மனசு. அடுத்த கிழமையும் பயிற்சிக்கு வருவாளா என்பதும் ஒரு அளவுகோல்தான். கொழும்பில் நாலரைக்கு ரியூசன் இருக்கிற பிள்ளைக்கு விளையாட்டை விடுவதற்குக் காரணம் தேடத் தேவையில்லை.

நாலாவது, என் நேரம். பதினெட்டுப் பிள்ளைகள், இரண்டு கம்பம், இரண்டு மணித்தியாலம். ஒருத்தியை நன்றாகத் திருத்தும் வழி மற்றப் பதினேழு பேரை வெயிலில் நிற்க வைக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

கடைசி, பாதுகாப்பு. முழங்காலும், மானமும்.

## அதற்கு முன் ஒன்று: அவளுக்குத் தெரியாததை மட்டும்

கண் கட்டிக் கோடு கீறுகிறவருக்கு முடிவு தெரியாது. கோல் எறிகிற பிள்ளைக்குத் தெரியும். பந்து விழவில்லை என்பதை அவளும் பார்த்தாள், எதிரணியும் பார்த்தது, மதிலில் இருந்த காகமும் பார்த்தது. "விழேல்ல" என்று நான் சொல்வது வெறும் சத்தம்.

அவள் பார்க்க முடியாத ஒன்று, பந்து வளையத்துக்குள் இறங்கும் கோணம். வளையம் தரையிலிருந்து 3.05 மீட்டர் உயரம், உள்விட்டம் 38 சென்ரிமீட்டர். பந்தின் விட்டம் ஏறக்குறைய 22. நேர் மேலேயிருந்து விழுந்தால் சுற்றிவர 8 சென்ரிமீட்டர் இடமிருக்கிறது. சரிவாக வந்தால் அந்த வட்டம் பந்தின் கண்ணுக்கு நீள்வட்டமாக ஒடுங்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 36 பாகையளவுக்குக் கீழே தட்டையாக வரும் பந்து வளையத்தில் படாமல் உள்ளே போகவே முடியாது. கூடைப்பந்து மாதிரிப் பின்னால் பலகையும் இல்லை. ஆகவே தொடக்கக்காரப் பிள்ளைகளில் அனேகருக்கு நான் சொல்ல வேண்டியது ஒன்றே ஒன்று, உயரம். முழங்கை, மணிக்கட்டு, விரல் எல்லாம் அதற்குப் பின்னால் வருகிறவை.

தர்ஜினி சிவலிங்கம் மாதிரி எறிய வேண்டும் என்று வருகிற பிள்ளைகள் உண்டு. 2018இல் ஆசியக் கிண்ணத்தை வென்ற இலங்கை அணியில் நின்றவர், உயரம் 2.08 மீட்டர். ஆசை நல்லதுதான். ஆனால் ஒன்றரை மீட்டர்ப் பிள்ளைக்கும் அவருக்கும் வளையம் ஒரே தூரத்தில் இல்லை. இவளுடைய பந்து இன்னும் எவ்வளவோ மேலே ஏறி இறங்க வேண்டும்.

எப்படிச் சொல்வது என்பதும் இதற்குள்தான் வருகிறது. உடம்பின் பகுதியைச் சொல்வதைவிட, உடம்புக்கு வெளியே நடப்பதைச் சொன்னால் அசைவு இலகுவாக வருகிறது. 1998இல் காப்ரியேல் வூல்ஃப் குழுவினர் பனிச்சறுக்குப் பழகும் இயந்திரத்தில் இதைப் பார்த்தார்கள். காலை நினைத்தவர்களைவிட, காலுக்குக் கீழே இருந்த சில்லை நினைத்தவர்கள் நன்றாகப் பழகினார்கள். நான் முதலில் பிள்ளைகளிடம், "கிணத்துக்குள்ள வாளி இறங்கிற மாதிரி பந்து இறங்கோணும்" என்றேன். ஒருத்தி கையைத் தூக்கினாள். "மிஸ், கிணத்துக்குள்ள வாளி எப்பிடி இறங்கும்?" நாலாம் மாடியில் பிறந்து வளர்ந்த பிள்ளை, பாவம். அதற்குப் பிறகு காகத்துக்கு மாறினேன். "வளையத்தில ஒரு காகம் இருக்கு. அதின்ர தலையில படாமல், அதுக்கு மேலால பந்து போகட்டும்." கொழும்பில் காகத்தை யாருக்கும் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

சரி, இனி ஐந்து வழிகள்.

## வழி 1: ஒவ்வொரு பந்துக்கும் உடனே சொல்வது

நம்மில் பெரும்பாலானோர் இப்படித்தான் பழக்கப்பட்டோம், இப்படித்தான் பழக்குகிறோம். நான் விளையாடிய காலத்தில் எங்களைப் பழக்கியவரின் குரல் காலி வீதி பஸ் ஹோர்னையும் தாண்டிக் கேட்கும். அது அக்கறை என்று நம்பினோம். அக்கறைதான்.

இதன் பலம் அன்றைக்கே தெரிகிறது. நான் பக்கத்தில் நின்று சொல்லச் சொல்லப் பிள்ளையின் எறிதல் அரை மணித்தியாலத்தில் நேராகிவிடும். பார்த்துக்கொண்டிருக்கும் அம்மாவுக்கும் திருப்தி, எனக்கும் திருப்தி. செலவு அடுத்த கிழமை வரும் பில் மாதிரி. என் சொல் ஓயாமல் கேட்டால், அவள் தன் விரலில் பந்து உருண்டு போன உணர்வைக் கவனிப்பதை நிறுத்திவிடுகிறாள். அந்த உணர்வுதான் மெச்சில் அவளோடு வரப்போவது. தொடக்கத்தில் சொன்ன பிள்ளை முகம் பார்த்தது இதனால்தான்.

இன்னொரு செலவு பலருக்குத் தெரிவதில்லை. நல்ல ஆட்டக்காரியின் எறிதல்கூட ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் மாறும். இந்தப் பக்கம் இரண்டு விரற்கடை, அந்தப் பக்கம் இரண்டு விரற்கடை. அது பிழையில்லை, உடம்பின் இயல்பு. அதையும் திருத்தப் போனால், பிள்ளை திருத்தத்தைத் திருத்தி, பிறகு அதையும் திருத்தி, கடைசியில் எது தன்னுடையது என்று தெரியாமல் நிற்பாள். வித்தியாசமெல்லாம் பிழையுமில்லை. முரளிதரனின் மணிக்கட்டையும் மாலிங்கவின் கையையும் பாடப் புத்தகத்தின்படி நேராக்கியிருந்தால் இலங்கைக் கிரிக்கெட் என்னவாகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

இது எப்போது நல்லது? முழுப் புதுப் பிள்ளைக்கு, முதல் இரண்டு மூன்று நாள், அசைவின் உருவமே மனதில் இல்லாதபோது. அதைவிட முக்கியம், பாய்ந்து பந்து பிடித்து இறங்குவது. வலைப்பந்தில் பந்தோடு ஓட முடியாது, பாய்ந்து இறங்கித் திடீரென்று நிற்க வேண்டும். முழங்கால் தசைநார் கிழிவது இந்த விளையாட்டில் அடிக்கடி நடப்பது இதனால்தான். முழங்கால் விறைத்தபடியோ உள்ளே மடிந்தபடியோ ஒருத்தி இறங்கினால் ஐந்து தடவை பொறுத்திருந்து சொல்லக் கூடாது. விசில், நிறுத்து, சொல்.

உடனே என்றாலும் ஒரு மூச்சு விட்டுச் சொல்லுங்கள். பந்து விழுந்த கணமே வாய் திறந்தால், அவள் தானாக என்ன பிழை என்று தேடும் சில வினாடியும் போய்விடுகிறது.

## வழி 2: பொறுத்து, சேர்த்துச் சொல்வது

பத்துப் பந்து எறிய விட்டு, நான் கொப்பியில் கீறிக்கொண்டு நிற்பேன். மேல் கோடு என்றால் உயரம் சரி, படுக்கைக் கோடு என்றால் தட்டை. பத்து முடிந்ததும் கூப்பிட்டு ஒன்றை மட்டும் சொல்வேன்: "ஏழு பந்து காகத்தின் தலையில பட்டுது." அவ்வளவுதான். அடுத்த பத்து.

இதற்கு ஒரு தங்கச்சி வழியும் உண்டு: எல்லை வைத்துச் சொல்வது. இவ்வளவு வரை பரவாயில்லை என்று நான் மனதில் ஒரு கோடு போட்டுக்கொள்வேன். அதைத் தாண்டினால் மட்டும் வாய் திறப்பேன். பிள்ளைகளிடம் முன்கூட்டியே, "நான் பேசாமல் நிண்டா சரி எண்டு அர்த்தம்" என்று சொல்லிவிட வேண்டும். அப்போது என் மௌனமும் ஒரு செய்தியாகிவிடுகிறது. பிள்ளை தேறத் தேற நான் சொல்வதும் தானாகவே குறைந்துவிடுகிறது.

நிற்பது என்ற முதல் அளவுகோலில் என் கணிப்பில் முன்னால் நிற்பது இந்த வழிதான். தனியே செய்வது என்பதிலும் அப்படியே. நேரமும் மிச்சம், ஒருத்தி பத்து எறியும் நேரத்தில் அடுத்த கம்பத்தை ஒரு பார்வை பார்த்துவிடலாம்.

ஒளிந்திருக்கும் செலவு இரண்டு. அன்றைக்குப் பார்க்க இது அசிங்கமாக இருக்கும். பந்து அங்குமிங்கும் போகும், முன்னேற்றம் மெதுவாகத் தெரியும், உங்களுக்கே கை பரபரக்கும். நானே நாக்கைக் கடித்துக்கொண்டு நின்ற நாட்கள் உண்டு. இரண்டாவது, வேலிக்கு அந்தப் பக்கம். "மிஸ் ஒண்டும் சொல்லிக் குடுக்கிறேல்லையே, சும்மாதானே நிக்கிறா" என்று ஒரு அம்மா இன்னொரு அம்மாவிடம் சொன்னது என் காதில் விழுந்திருக்கிறது. காசு கொடுத்து அனுப்புகிறவர்களுக்கு மௌனம் வேலையாகத் தெரியாது. இப்போது வருடத் தொடக்கத்திலேயே பெற்றோரைக் கூப்பிட்டு அந்தக் கொப்பியைக் காட்டிவிடுகிறேன். கொப்பி நிறையக் கோடு இருந்தால் அம்மாக்கள் சமாதானமாகிவிடுகிறார்கள்.

இந்த வழி யாருக்குச் சரிவராது? அசைவே பிடிபடாத பிள்ளைக்கு. பத்துத் தடவை பிழையாக எறிந்தால் பத்துத் தடவை பிழையைப் பழகுகிறாள். மனம் தளர்ந்த பிள்ளைக்கும் கவனம். அவளுக்கு மௌனம் கோபமாகக் கேட்கும்.

## வழி 3: கையைப் பிடித்துக் காட்டுவது

விஜயதசமிக்கு ஏடு தொடக்குவதை நினைத்துப் பாருங்கள். பிள்ளையை மடியில் வைத்து, விரலைப் பிடித்து, தட்டிலுள்ள அரிசியில் "அ" எழுத வைக்கிறோம். அதனால் யாரும் எழுதப் பழகியதில்லை. ஆனால் எழுத்து என்பது கை போகும் ஒரு பாதை என்பது அந்த விரலுக்கு அன்று தெரிந்துவிடுகிறது. கைபிடித்துக் காட்டுவதன் பயனும் எல்லையும் அதுதான்.

பிள்ளையின் மணிக்கட்டை நான் வளைத்தால் வேலை செய்வது என் தசை. அவளுடைய தசைக்கு அது ஒரு பிரயாணம் மட்டும். பிழை விடவே முடியாத இடத்தில் பிழையிலிருந்து பழகவும் முடியாது. கையை எடுத்ததும் அசைவும் போய்விடும். ஆகவே ஒரு தடவை, மிஞ்சினால் இரண்டு தடவை, உருவம் விளங்குவதற்கு மட்டும்.

பழைய மாணவியின் கேள்வியின் மறுபாதிக்கு வருகிறேன். அது பிழையா? தொடுவதற்கு முன் கேட்க வேண்டும். "கையைப் பிடிச்சுக் காட்டட்டா?" என்று, ஒவ்வொரு தடவையும், மற்றவர்கள் பார்க்கும் இடத்தில். வேண்டாம் என்று பிள்ளை சொன்னால் காரணம் கேட்கக் கூடாது. ஆண் பயிற்றுநர்கள் என்றால் இந்த வழியை விட்டுவிடுங்கள் என்றே சொல்வேன். என் மணிக்கட்டை நானே அவளுக்கு முன்னால் மெதுவாக மடக்கிக் காட்டினால் முக்கால்வாசி வேலை முடிந்துவிடும்.

நீச்சலில் பயந்த பிள்ளையை முதுகில் தாங்கி மிதக்க வைப்பது, பார்வைக் குறைபாடுள்ள பிள்ளைக்குப் பந்து பிடிக்கும் விதத்தைக் கையில் வைத்துக் காட்டுவது, இதிலெல்லாம் இதைவிட நல்ல வழி கிடையாது.

## வழி 4: போனில் எடுத்துக் காட்டுவது

அப்பாக்களுக்குப் பிடித்த வழி. பலமும் உண்மையானது. "எனக்குப் பந்து மேலாலதான் போகுது மிஸ்" என்று அடித்துச் சொல்லும் பிள்ளைக்கு, பக்கவாட்டிலிருந்து மெதுவோட்டத்தில் எடுத்த ஐந்து வினாடி போதும். வாக்குவாதம் முடிந்தது. மணிக்கட்டு கடைசிக் கணத்தில் மடிகிறதா என்பது வெறுங்கண்ணுக்குப் பிடிபடாது, போனுக்குப் பிடிபடும்.

ஆனால் வீடியோவைக் காட்டிவிட்டுப் பேசாமல் இருந்தால் பிள்ளை என்ன பார்க்கிறாள் தெரியுமா? தன் தலைமயிரை. காற்சட்டை எப்படி இருக்கிறது என்பதை. பின்னால் நின்று சிரித்த சிநேகிதியை. இது என் அனுபவம் மட்டுமில்லை. வீடியோ நாடாக் காலத்து ஆய்வுகளை 1976இல் தொகுத்துப் பார்த்த ரோத்ஸ்டீனும் ஆர்னோல்டும் சொன்னதும் ஏறக்குறைய இதுதான்: எங்கே பார்க்க வேண்டும் என்று ஒருவர் சுட்டிக்காட்டினால்தான் தொடக்கக்காரருக்கு அது பயன்படும். நாடா போய்ப் போன் வந்தும் இது மாறவில்லை. காட்டுவதற்கு முன்பு ஒரு கேள்வி கொடுங்கள்: "பந்து வளையத்துக்கு மேல எவ்வளவு ஏறுது எண்டு பார்." ஒரு துண்டு, ஒரு கேள்வி, போன் பைக்குள்.

செலவுகளைச் சொல்லாமல் விட முடியாது. நேரம் பறக்கும். பிற்பகல் இரண்டு மணி வெயிலில் திரை தெரியாது, எல்லாரும் என் குடைக்குக் கீழே நெருக்குவார்கள், பத்து நிமிடம் போய்விடும். அதைவிடப் பெரிய செலவு வேறு. ஒரு தடவை, நல்ல மனதோடு, பிள்ளைகளின் வீடியோ ஒன்றைப் பெற்றோரின் வட்சப் குழுவில் போட்டேன். ஒரு பிள்ளை வழுக்கி விழுந்த மூன்று வினாடி அதில் இருந்தது. இரண்டு நாளில் அது வகுப்பு முழுக்கச் சுற்றி வந்திருந்தது. அந்தப் பிள்ளை அதற்குப் பிறகு பயிற்சிக்கு வரவில்லை. பிழை முழுக்க என்னுடையது. இப்போது பெற்றோரின் எழுத்து மூலச் சம்மதம் இல்லாமல் எடுப்பதில்லை, பிள்ளையின் சொந்தப் போனில் அல்லது அவளுடைய அம்மாவின் போனில் மட்டும் எடுப்பேன், என் போனில் எதுவும் தங்காது. இவ்வளவு செய்ய இயலாவிட்டால் இந்த வழியைத் தொடாதீர்கள்.

பொருத்தமானது 15 வயதுக்கு மேலே, அசைவு பிடிபட்டு, ஒரு இடத்தில் மாட்டிக்கொண்டு நிற்கும் பிள்ளைக்கு. மாதம் ஒரு தடவை போதும்.

## வழி 5: கேட்டால் மட்டும் சொல்வது

"எப்ப வேணுமோ அப்ப என்னைக் கேள்" என்று விட்டுவிடுவது. 1990களிலிருந்து இதைப் பற்றி நிறைய ஆய்வுகள். எப்போது சொல்ல வேண்டும் என்பதைப் பழகுகிறவரே தீர்மானித்தால் நன்றாகப் படிகிறது என்று பல ஆய்வுகள் சொல்லின. 2022இல் வந்த ஒரு தொகுப்பாய்வு அந்தச் சூட்டைத் தணித்துவிட்டது. அந்த ஆய்வுகளில் அனேகம் சிறியவை, நல்ல முடிவு வந்தவையே அதிகம் அச்சேறின, அதைக் கழித்துப் பார்த்தால் மிஞ்சும் நன்மை மிகச் சிறிது என்றது. ஆகவே இதை ஒரு மந்திரமாக நான் விற்கமாட்டேன்.

ஆனாலும் அந்த ஆய்வுகளிலிருந்து ஒரு விசயம் என் மைதானத்தோடு ஒத்துப்போகிறது. 2002இல் சிவியகோவ்ஸ்கியும் வூல்ஃபும், மக்கள் எப்போது பின்னூட்டம் கேட்கிறார்கள் என்று பார்த்தார்கள். பிழை விட்ட பிறகு என்றுதானே நினைப்போம்? இல்லை, பெரும்பாலும் நன்றாகச் செய்ததாகத் தோன்றிய பிறகு. என் பிள்ளைகளும் அப்படித்தான். பந்து சத்தமில்லாமல் வலைக்குள் இறங்கினால்தான், "மிஸ், இது சரியா?" அந்தக் கேள்வியில் கொஞ்சம் பாராட்டு ஆசை இருக்கிறது, கொஞ்சம் உறுதிப்படுத்தல் இருக்கிறது. நல்ல பந்தைப் பற்றிச் சொல்வதும் பின்னூட்டம்தான். நான் நெடுநாள் பிழைகளுக்கு மட்டுமே வாய் திறந்தேன். "ஓம், அந்தப் பந்து நல்லா ஏறினது, என்ன செய்தனி?" என்று திருப்பிக் கேட்கத் தொடங்கிய பிறகு பிள்ளைகளே விடை சொல்லத் தொடங்கினார்கள். "பார்வையை எடுக்காமல் வளையத்தையே பார்த்தன் மிஸ்." கல்கரியில் ஜோன் விக்கர்ஸ் 1996இல் கூடைப்பந்து ஆட்டக்காரர்களின் கண்ணை அளந்து கண்டதும் இதே சங்கதி: தேர்ந்தவர்களின் பார்வை எறிவதற்கு முன் வளையத்தில் அசையாமல் கூடுதல் நேரம் நின்றது. ஒரு தரம் 9 பிள்ளை அதைத் தானாகவே கண்டுபிடித்தாள். நான் சொல்லியிருந்தால் இரண்டு நாளில் மறந்திருப்பாள்.

ஒளிந்திருக்கும் செலவு நம் வளர்ப்பில் இருக்கிறது. பெரியவர்களிடம் கேள்வி கேட்பது மரியாதைக் குறைவு என்று வளர்ந்த பிள்ளை கேட்கவே மாட்டாள். வாயாடி ஐந்து பேர் என் நேரத்தை எடுத்துக்கொள்வார்கள், அமைதியான பிள்ளை மூலையில் தட்டையாக எறிந்துகொண்டிருப்பாள். அதனால் சின்னப் பிள்ளைகளுக்கு இதை ஒரு விளையாட்டாக்கினேன். ஒவ்வொருத்திக்கும் மூன்று போத்தல் மூடி. ஒரு கேள்விக்கு ஒரு மூடி. பயிற்சி முடியும்போது மூடி கையில் மிஞ்சியிருந்தால் பந்துகளைப் பொறுக்க வேண்டும். கூச்சமுள்ள பிள்ளையும் பந்து பொறுக்கப் பஞ்சியில் கேட்டுவிடுகிறாள்.

## ஒரே பார்வையில்

| வழி | அன்றைக்கே தெரிவது | அடுத்த கிழமை நிற்பது | ஒளிந்திருக்கும் செலவு | எப்போது எடுப்பது |
|---|---|---|---|---|
| உடனுக்குடன் | அதிகம் | குறைவு | முகம் பார்க்கும் பழக்கம் | முதல் நாட்கள், இறங்கும் கால் |
| சேர்த்து, எல்லை வைத்து | குறைவு | அதிகம் | பெற்றோரின் முணுமுணுப்பு | அசைவு பிடிபட்ட பிறகு |
| கை பிடித்து | அதிகம் | மிகக் குறைவு | தொடுகை, சார்ந்திருத்தல் | பயம், உருவம் விளங்காமை |
| போன் | நடுத்தரம் | கேள்வி கொடுத்தால் நல்லது | நேரம், தனியுரிமை | பெரிய பிள்ளை, ஒரு முடிச்சு |
| கேட்டால் மட்டும் | நடுத்தரம் | ஓரளவு | கூச்சமுள்ளவள் விடுபடுவாள் | மூத்த அணி |

அட்டவணையில் எல்லாம் தனித்தனிப் பெட்டி. மைதானத்தில் அப்படி இல்லை. என்னுடைய ஒரு தவணை ஏறக்குறைய இப்படிப் போகும்: முதல் கிழமை நிறையச் சொல்வேன், தேவையானால் ஒரு தடவை கை பிடிப்பேன். இரண்டாம் மூன்றாம் கிழமை ஐந்துக்கு ஒன்று. அதற்குப் பிறகு பத்துக்கு ஒன்று, மூடிகள். மெச்சுக்கு முந்திய கிழமை எதையும் புதிதாகத் திருத்துவதில்லை. அந்த நேரத்தில் முழங்கையைப் பற்றிச் சொன்னால் மெச்சில் அவள் முழங்கையைத்தான் நினைப்பாள்.

ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் முதல் பத்துப் பந்துக்கு நான் கம்பத்துக்கு முதுகு காட்டி நிற்கிறேன். பிள்ளைகளே எண்ணிக் கொப்பியில் எழுத வேண்டும். எந்த வழி வேலை செய்தது என்று எனக்குத் தெரிவது அந்த எண்ணிக்கையில் மட்டும்தான். முகம் பார்த்த பிள்ளைக்கு முதலில் அது மிகவும் கஷ்டமாக இருந்தது. முதல் நாள் பத்தில் இரண்டு. என் முதுகைப் பார்த்து, "மிஸ், திரும்புங்கோவன்" என்றாள். திரும்பவில்லை.

## உங்களுக்கு எது?

ஆசிரியைத் தங்கச்சிக்கு: முழங்கால் என்றால் உடனே, எறிதல் என்றால் பொறுத்து. பதினெட்டுப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஒவ்வொரு பந்துக்கும் சொல்ல உங்களுக்குத் தொண்டையும் இல்லை.

பழைய மாணவிக்கு: உன் அணி சின்னப் பிள்ளைகள். கேட்டுவிட்டு, ஒரு தடவை பிடித்துக் காட்டு. பிறகு கையைப் பின்னால் கட்டிக்கொள்.

அப்பாவுக்கு: மகள் 11 வயது, போன் இப்போது வேண்டாம். வீட்டில் என்ன செய்யலாம் என்றும் கேட்டிருந்தீர்கள். வெள்ளவத்தை மாடி வீட்டில் 3.05 மீட்டர் வளையத்துக்கு எங்கே போவது. மகளை நிலத்தில் மல்லாக்கப் படுக்கச் சொல்லுங்கள். நெற்றிக்கு நேரே பந்தை வைத்து, மணிக்கட்டை மடக்கி நேர் மேலே எறிந்து, விழுகிற பந்தை அதே இடத்தில் பிடிக்க வேண்டும். நேராகப் போனால் கைக்கு வரும். சரிந்தால் சோபாவுக்குக் கீழே போகும், இல்லாவிட்டால் மூக்கில் விழும். நீங்கள் பக்கத்தில் இருந்து பேப்பர் வாசிக்கலாம், ஒன்றும் சொல்லத் தேவையில்லை. சொல்வதானால் கீழ்வீட்டுக்காரர்தான் வந்து சொல்லுவார்.